வெளிச்சம் பார்க்க எடுத்தது

இந்தக் கட்டத்தில் எதைப் போட, அந்தக் கட்டத்தில் எதைப் போட என்று பியூலா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நானும் ம் என்கிறேன், போடு என்கிறேன், வேண்டாம் என்கிறேன். திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த மாடி அறை, மத்தியானம் இரண்டு மணி. கீழே ஒரு கண்டக்டர் நாசரேத், நாசரேத் என்று கூப்பிடுகிறான். நாலைந்து தடவை கேட்டதும் அது ஊர்ப்பெயராக இல்லை, தொலைந்துபோன பிள்ளையை யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. மேலே ஃபேன் மூன்று சுற்றுக்கு ஒரு தடவை டக் என்கிறது. பியூலாவுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும், கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இன்டர்நெட்டில் வெப்சைட் செய்து கொடுக்கிறவள். எனக்கு அப்படி ஒன்று இன்றைக்கு ஐந்து மணிக்குள் வேண்டும். முப்பத்தோரு வருஷமாகக் கேமரா பிடிக்கிறேன், யாரும் கேட்டதில்லை. பைபாஸில் புதிதாகக் கட்டியிருக்கிற கல்யாண மஹாலின் மேனேஜர்தான் முதலில் கேட்டார். "உங்க ஒர்க்கைப் பாக்கணும்மா, லிங்க் இருந்தா அனுப்புங்க. மூணு போட்டோகிராஃபரத்தான் வச்சுக்கப் போறோம். இங்க கல்யாணம் பண்றவங்க அந்த மூணு பேர்ல ஒருத்தரைத்தான் கூப்பிடணும்" என்றார். லிங்க் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, தெரியாத வார்த்தை வந்தால் சரிங்க சார் என்று சொல்லிவிடுவது, அப்புறம் தெருவுக்கு வந்து யாரிடமாவது கேட்டுக்கொள்வது. அப்படிக் கேட்டுத்தான் இந்த மாடிக்கு வந்தேன். "அக்கா, எல்லாம் எடுப்போம்னு ஒரே இடத்துல கொட்டினா பலசரக்குக் கடை போர்டு மாதிரி ஆயிரும். காதுகுத்துக்குத் தேடி வர்றவளுக்குப் பரோட்டா படம் எதுக்கு? அவளுக்கு ஒரு கதவு, பரோட்டாக்காரருக்கு ஒரு கதவு" என்று பியூலா முதல்நாளே சொன்னாள். ஆறு கதவு வைத்தாள். காதுகுத்து, கைக்குழந்தை, நகைக்கடை, ஓட்டல் சாப்பாடு, பள்ளிக்கூடம், நடுவில் பெரிதாகக் கல்யாணம். "ஆறு கதவு வைக்கியே பிள்ளே, உள்ள ஒரு வீடு வேண்டாமா?" என்றேன். சிரித்தாள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

காதுகுத்துக் கட்டம் நன்றாக இருக்கிறது. அழுகிற பிள்ளை, பக்கத்தில் அதைவிட அழுகிற தாய்மாமன். பள்ளிக்கூடக் கட்டத்தில் நாற்பத்தாறு பிள்ளைகள், ஒருத்தி மட்டும் கண்ணை மூடியிருக்கிறாள், எந்தப் பள்ளிக்கூடம் எடுத்தாலும் அப்படி ஒருத்தி உண்டு. ஓட்டல் படத்தில் இட்லியிலிருந்து ஆவி பறக்கிறது, அந்த ஆவிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இதெல்லாம் என் வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் வேலை இது இல்லை. பக்கத்தில் கடலோரம் ஒரு ஊர், முஸ்லிம்கள் நிறைய இருக்கிற ஊர். அங்கே பெண்கள் நடக்க வீடுகளுக்குப் பின்னால் தனிச் சந்து, முடுக்கு என்பார்கள், உண்டு, கல்யாண வீட்டில் பெண்கள் இருக்கிற பக்கம் ஆம்பளை போட்டோகிராஃபர் போக முடியாது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் கூப்பிட்டபோது ஸ்டுடியோ வைத்திருக்கிற எங்கள் வீட்டுக்காரர் கேமராவை எல்லாம் சரிபண்ணி என் கழுத்தில் மாட்டி, "பொத்தானை அமுக்குறது மட்டும்தான் உன் வேலை, மூளையை வீட்ல வச்சுட்டுப் போ" என்று அனுப்பினார். முப்பத்தாறு தடவை அமுக்கினேன். முப்பத்தொன்று நன்றாக விழுந்திருப்பதாக அந்த வீட்டுப் பெண்கள் ஆள் விட்டுச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அதுதான் அந்த ஊர் வழக்கம், என் வழக்கமும் அதுவே ஆகிவிட்டது. ரோலைக் கேமராவிலிருந்து கழற்றி அந்த வீட்டுப் பெண் ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் வாசல் இறங்க வேண்டும். அவர்கள் வெளியூரில் கொடுத்துக் கழுவிப் படம் போட்டுக்கொள்வார்கள். பிறகு ரோல் போய் மெமரி கார்டு வந்தது. அவர்கள் வாங்கி வைத்திருக்கிற புதுக் கார்டை அவர்கள் கண் முன்னால் கவர் கிழித்து மாட்டுவேன், முடிந்ததும் அவர்கள் கண் முன்னால் கழற்றிக் கொடுப்பேன். நானூறு கல்யாணத்துக்கு மேல் இருக்கும். ஒன்றும் என்னிடம் கிடையாது. எப்போது அமுக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று வீட்டுக்காரர் கேட்பார். காதால்தான். சிரிக்கப் போகிறவள் சிரிப்புக்கு முன்னால் மூச்சை ஒரு இழுப்பு இழுப்பாள், அந்த இழுப்பில் அமுக்கிவிட வேண்டும், சிரிப்பு வந்த பிறகு அமுக்கினால் படத்தில் பல்தான் விழும். நானூறு கல்யாணமும் எனக்கு மூச்சுச் சத்தமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. இதை எந்தக் கட்டத்தில் போட? முந்தாநாள் வந்தபோது நடுக் கட்டத்தில் ஒரு வெள்ளைக்காரி வெள்ளைக் கவுனோடு புல்வெளியில் நின்றாள். "இவ யாரு?" என்றேன். "சும்மா இடத்தை அடைக்க வச்சிருக்கேன் அக்கா, அளவு பாக்க. உங்க படம் வந்ததும் இவ போயிருவா" என்றாள் பியூலா.

வெள்ளைக்காரி போய்விட்டாள். "நடுவுல உள்ளதைக் கடைசியாக் காட்டணும்னு வச்சிருந்தேன், கண்ணை மூடுங்க அக்கா" என்கிறாள். நான் மூடவில்லை, எனக்கு அந்த விளையாட்டு வராது. பியூலா எதையோ ஒரு தட்டுத் தட்டினாள். நடுக் கட்டத்தில், அந்தக் கடலோர ஊர் ஜைனம்பு நாச்சியார் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் துணி இல்லை. குளித்த முடி காய்வதற்காக முதுகு முழுக்கப் பரப்பியிருக்கிறது. கையில் வளையல் ஏறாமல் கட்டைவிரல் மொளியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அவள் அதைப் பார்த்துச் சிரிக்கப் போகிறாள். உயரத்தில் இருக்கிற சின்ன ஜன்னலிலிருந்து வெயில் இறங்கி அவள் கன்னத்தில் பாதியில் நிற்கிறது. "இதை எங்க அக்கா ஒளிச்சு வச்சிருந்தீங்க? டெஸ்ட்னு ஒரு ஃபோல்டர், உள்ள பார்த்தா ரெண்டு காலி நாற்காலி, ஒரு கை, அப்புறம் இது. எனக்குச் சிலிர்த்துருச்சு. உங்க மத்தப் படத்தையெல்லாம் இது தூக்கிச் சாப்பிட்ருச்சு" என்கிறாள். ஃபேன் டக் என்றது. பென் டிரைவில் நான்தான் போட்டுக் கொடுத்தேன், அலமாரியில் கிடந்த என் கார்டில் உள்ளதையெல்லாம் ஏற்றினதும் நான்தான். அந்த ஃபோல்டரும் அதில் இருக்கும் என்று தெரியாதா? தெரியாது. தெரியும். மறந்துவிட்டது என்று சொன்னால் பொய் இல்லை, ஆனால் உண்மையும் முழுசாக இல்லை. கொடுக்கும்போது விரல் ஒரு நொடி நின்றது, அது ஞாபகம் இருக்கிறது, எதற்காக நின்றது என்றுதான் ஞாபகம் இல்லை. யாராவது ஒருத்தர், தொழில் தெரிந்த ஒருத்தர், இதைப் பார்த்து அக்கா என்று வாயைப் பிளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்திருக்கலாம். இருந்தது. எடுத்ததைப் பார்க்காமலே, பார்த்தேன் என்று தொழில் தெரிந்த ஒருத்தர் சொல்லிக் கேட்காமலே முப்பத்தோரு வருஷம்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கல்யாணம். மணப்பெண் முஹ்சினா, ஜைனம்புவின் மகள். காலை வெயில் ஏறுகிற நேரத்துக்கே போய்விட்டேன். ஆள் வருவதற்கு முன்னால் அறையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க இரண்டு மூன்று தட்டித் தட்டிப் பார்ப்பது உண்டு, காலி நாற்காலி, என் கை, இப்படி. அதற்கு என்னுடைய சின்னக் கார்டு ஒன்று கேமராவிலேயே கிடக்கும். பிறகு அதை எடுத்துவிட்டு அவர்கள் கார்டைப் போடுவேன். அன்றைக்கு நாற்காலியை எடுத்தேன், கையை எடுத்தேன், இன்னொரு நாற்காலியை எடுத்தேன், அதற்குள் ஜைனம்பு முடியை உலர்த்திக்கொண்டே வந்து பாயில் உட்கார்ந்துவிட்டாள். "போட்டோக்கா, என்னைப் பிடிச்சிராதீங்க, பொண்ணை மட்டும் பிடிங்க. எங்க வாப்பா காலத்துல இருந்து என்னை ஒருத்தரும் பிடிச்சதில்ல, ஆதார்க்காரன்கூட இனிமேதான் வரணும்னு வச்சுக்கிடுங்களேன்" என்றாள். இல்லை, ஆதார் அப்போது ஏது, ரேஷன் கார்டு என்றுதான் சொல்லியிருப்பாள், ஆதார் நான் சேர்த்துக்கொண்டது. பதினேழு வருஷம் ஒரு பேச்சை மனசில் வைத்திருந்தால் அது தானாக நாலு வார்த்தை சேர்த்துக்கொள்கிறது. பிறகு மகளுக்கு வாங்கின வளையலைத் தன் கையில் போட்டுப் பார்த்தாள். மாட்டிக்கொண்டது. மூச்சை ஒரு இழுப்பு இழுத்தாள். கை அமுக்கிவிட்டது. கைதான். வேண்டாம் என்று சொன்ன வாயை மறந்து, மூச்சைக் கேட்ட கை. அவள் கவனிக்கவில்லை, வளையலோடு போராடிக்கொண்டிருந்தாள், வளையலை வழுக்கிக் கழற்ற யாரோ சோப்புத் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினார்கள். நான் கார்டை மாற்றினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கார்டில் நாலு படம். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். பஸ் ஏறினால் இருபது நிமிஷம். கொடுத்தால் என்ன நினைப்பார்கள், வேண்டுமென்றே எடுத்தாள், இதுவரை எத்தனை எடுத்தாளோ என்று நினைப்பார்கள், தெரு முழுக்கப் பேச்சாகும், ஒரு வீட்டுக்கும் கூப்பிட மாட்டார்கள். அப்படி யோசித்து ஒரு வாரம். பிறகு, இவ்வளவு நாள் ஏன் வைத்திருந்தாய் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அழித்திருக்கலாம். அழிக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வீட்டுக்காரர் குளிக்கப் போயிருக்கிற நேரம் பார்த்து எடுத்துப் பார்ப்பேன், பார்த்துவிட்டு மூடுவேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை, ஒரு பொம்பளை சிரிக்கப் போகிறாள்.

ஜைனம்பு இறந்து மூன்று வருஷம். சுகர், அப்புறம் சிறுநீரகம், அதிகம் இழுக்கவில்லை. போன வருஷம் முஹ்சினா ஸ்டுடியோவுக்கு வந்தாள். புர்காவின் முன்துணியைத் தூக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள், பாஸ்போர்ட் படம் எடுக்க உட்காருகிற ஸ்டூல். "போட்டோக்கா, ஒண்ணு கேப்பேன், தப்பா நினைக்காதீங்க. என் கல்யாணப் படம் உள்ள கார்டு முழுசும் பாத்துட்டேன். உம்மா ஒண்ணுலயும் இல்ல. எங்கயாவது ஒரு ஓரத்துல, முந்தானை, கை, எதாவது உங்ககிட்டத் தங்கியிருக்குமா?" என்றாள். ஆதார் படம் இருக்குமே என்று கேட்டேன், கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அதுலயா? அதுல உம்மா போலீஸ் பிடிச்சு நிறுத்துன மாதிரி இருக்காங்க. என் மக கேக்குறா, உங்க உம்மா எப்பவும் கோவமாவே இருப்பாங்களான்னு. எங்க உம்மாவுக்குக் கோவமே வராது அக்கா, உங்களுக்குத் தெரியும்" என்றாள். தெரியும் என்றேன். பிறகு, நான் எதையும் வைத்துக்கொள்கிறதில்லையே, உங்களுக்குத் தெரியாதா என்றும் சொன்னேன். வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது. முப்பது வருஷமாக உண்மையாகச் சொல்லிப் பழகின வார்த்தை அல்லவா, பொய்யாகச் சொல்லும்போதும் அதே குரலில்தான் வருகிறது. "தெரியும் அக்கா. அதுக்குத்தான உங்களைக் கூப்பிடுறோம். சும்மா ஒரு நப்பாசை" என்று எழுந்தாள். எழுந்தபோது ஸ்டூல் தரையில் உரசின சத்தம் இருக்கிறதே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் கார்டு இருந்த அலமாரி அவளுக்குப் பின்னால் இரண்டடியில் இருந்தது. கொடுத்திருந்தால் அவளுக்குத் தாய் கிடைத்திருப்பாள், எனக்குத் தெரு போயிருக்கும். போகாமலும் இருந்திருக்கும். தெரியாது. எதையும் வைத்துக்கொள்ளாதவள் என்ற பெயரைத்தான் நான் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் நடந்தது.

"அக்கா, என்ன யோசனை? சந்தோஷமா இருங்க. மத்ததை அப்புறம் மாத்திக்கிடலாம்னு மேனேஜருக்கு லிங்க்கைப் பன்னெண்டு மணிக்கே அனுப்பிட்டேன்" என்கிறாள் பியூலா. என்னது என்றேன். "ஐஞ்சு மணி வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு? பாத்துட்டாரு. இவங்கதான் வேணும், நடுவுல உள்ள படம் ஒண்ணு போதும்னு பதில் போட்டிருக்காரு. பாருங்க, இதுவரைக்கும் பார்த்தவங்க ரெண்டுன்னு காட்டுது, ஒண்ணு நான், ஒண்ணு அவரு. இப்ப நீங்க, மூணு." திரையின் அடியில் சின்னதாக அந்த எண். நான் அந்த எண்ணையே பார்த்தேன். கீழே நாசரேத் பஸ் கிளம்பிவிட்டது போல, சத்தம் நின்றுவிட்டது. மேனேஜர் நல்ல மனுஷன்தான், ஏசி அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்திருப்பார், விரலால் பெரிதாக்கிப் பார்த்திருப்பார், பிரித்தால் பெரிதாகும் அல்லவா. அவர் மேல் தப்பில்லை, பியூலா மேலும் இல்லை. "எடுத்துரு" என்றேன். "எதை?" "நடுவுல உள்ளதை." "அக்கா, விளையாடாதீங்க. அதுக்காகத்தான் அவரு ஓகே சொல்லிருக்காரு." "எடு பிள்ளே. அது நான் எடுத்திருக்கக் கூடாத படம்." என் முகத்தைப் பார்த்தாள், எடுத்தாள். "அவரு போன்ல இருந்தும் போயிருமா?" என்றேன். "போயிரும். அவரு ஸ்கிரீன்ஷாட் எடுக்காம இருந்தா." நடுவில் வெள்ளையாக ஒரு பெரிய கட்டம். "இங்க என்ன போட? இப்படி விட்டா சைட்டு வேலை செய்யலன்னு நினைச்சிருவாங்க அக்கா." நினைக்கட்டும் என்றேன். "அந்தப் படத்தை அழிச்சிரவா?" என்றாள். வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தில் நானே திடுக்கிட்டேன். அழித்தால் முடிந்தது, யாருக்கும் தெரியாது, மேனேஜருக்கு அது யார் என்று தெரியாது, பியூலாவுக்குத் தெரியாது, இன்னும் பதினேழு வருஷம் அதே பேரோடு இருந்துவிட்டுப் போகலாம். அவ்வளவு வருஷம் எங்கே இருக்கப் போகிறேன். போனை எடுத்தேன். முஹ்சினா நம்பர் 'மு' வரிசையில் மூன்றாவது.

"சொல்லுங்க போட்டோக்கா" என்றாள். பின்னால் குக்கர், ஒரு பிள்ளை எதையோ மனப்பாடம் செய்கிறது. எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. "உங்க உம்மா படம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. உங்க கல்யாணத்தன்னைக்கு எடுத்தது. போன வருஷம் நீங்க வந்து கேட்டப்பவும் இருந்துச்சு" என்றேன். பிள்ளையின் சத்தம் தூரமாகப் போனது, அவள் வேறு அறைக்குப் போயிருப்பாள், கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று இருந்தேன். அழுவாள் என்றும் இருந்தேன். "தலையில துணி இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "யாரு யாரு பாத்திருக்கா?" பியூலா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை என்று சொல்லலாம், அந்தக் குரல் என்னிடம் தயாராக இருந்தது. "மூணு பேரு. நானு. கம்ப்யூட்டர்ல வேலை பாக்குற ஒரு பொண்ணு. ஒரு ஆம்பளை, இன்னைக்கு மத்தியானம்" என்றேன். மறுபக்கம் குக்கர் விசில் அடித்தது, யாரும் அணைக்கவில்லை, இன்னொரு தடவை அடித்தது. "அடுத்த மாசம் எங்க நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு உங்களைத்தான் சொல்லிருந்தேன்" என்றாள். "அது வேண்டாம்மா" என்றேன். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள். பிறகு, "இப்ப எங்க இருக்கீங்க?" சொன்னேன், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த மாடி, கீழே ஜெராக்ஸ் கடை. "அஸர் தொழுதுட்டு மகளைக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் பாக்க வேண்டாம்." சரிம்மா என்றேன். "நீங்களும்தான்" என்றாள். வைத்துவிட்டாள். அதைப் பூராவும் மூடு என்று பியூலாவிடம் சொன்னேன். மூடினாள், திரை கறுப்பாகிவிட்டது. அஸர் என்றால் சாயங்காலத் தொழுகை, அதை முடித்து பஸ் ஏறி அவள் வர இரண்டு மணி நேரமாவது ஆகும். நான் எழுந்து நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.